மறு: ‘வண்டி லிப்ட்’டுக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

> ‘ஊர்தித்தூக்கி’ போதும். ‘மின்தூக்கி’ பழகியதுபோல் இதுவும் பழகிவிடும்.

ஐயா, பழுது பார்க்க வண்டியை உயர்த்தி நிறுத்தும் மேடைக்கு இந்தச் சொல் பழகிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் வீட்டுக் கொட்டகையில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வைத்துப் பழுது பார்க்க ஒரு மேடை செய்தேன். பழைய இரும்புக் கடையில் எடுத்த சதுரக் குழாய்கள், எண்ணெய் அழுத்தத்தால் தள்ளும் ஒரு 2 டன் பாட்டில் ஜாக்கி, வெல்டிங் கூலி, அவ்வளவுதான் செலவு. 190 கிலோ வண்டி தடையில்லாமல் மேலே போனது. மறுநாள் காலையில் பார்த்தால் மேடை நான்கு விரற்கடை இறங்கியிருந்தது. ஜாக்கியில் எண்ணெயை அடைத்து வைக்கும் வளையம் (ஆயில் சீல்) இரவு முழுவதும் கசிந்திருக்கிறது. கீழே யாரும் கைவைத்திருக்கவில்லை.

தூக்குவது ஒரு வேலை, தூக்கியதை அப்படியே நிறுத்தி வைப்பது வேறொரு வேலை. ஜாக்கி முதல் வேலைக்கு மட்டுமே உரியது. இப்போது கால்களுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தண்டைச் செருகி, ஜாக்கியைத் தளர்த்தி, பளு முழுவதையும் அதன்மேல் இறக்கிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கிறேன். ‘தூக்கி’ என்ற பெயரில் இந்த இரண்டாம் வேலைக்கு இடமே இல்லை. மின்தூக்கியை மக்கள் நம்பத் தொடங்கியதும் அந்த இரண்டாம் வேலையால்தான்: 1854-இல் நியூயார்க் கண்காட்சியில் அமெரிக்கர் எலிஷா ஓட்டிஸ் தாம் நின்ற மேடையின் கயிற்றை அறுக்கச் செய்து, பாதுகாப்புப் பிடி தாங்கிக்கொள்வதால் மேடை விழாததைக் காட்டினார்.

‘தாங்கி’ என்றால்? சுமைதாங்கிக் கல் தாங்கும், உயர்த்தாது. பேரிங்குக்கும் அச்சொல் போய்விட்டது.

என் பரிந்துரை ‘வண்டியேந்தி’. குழந்தையை ஏந்துகிறோம், விளக்கை ஏந்துகிறோம். எடுப்பதும் விடாமல் வைத்திருப்பதும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன.

மேடைக்குக் கீழே கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று குறுக்கிட்டு நிற்கும் கால்களுக்குக் ‘கத்தரிக்கால்’. ஜாக்கி கிடைமட்டமாகத் தள்ளும் அமைப்பில், அவை தரையிலிருந்து 45 பாகையில் நிற்கும்போது 190 கிலோவுக்கு அதே அளவு விசை போதும். 10 பாகையில் படுத்திருக்கும்போது, மேடையின் எடையைச் சேர்க்காமலே 1,080 கிலோ அளவு வேண்டும். 2 டன் ஜாக்கி வாங்கியது இதற்காகத்தான். ஜாக்கிக்குப் புதுச்சொல் வேண்டாம். பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அது.

செருகும் தண்டுக்கு ‘முட்டு’. சென்ட்ரிங் வேலையில் இன்றும் புழங்கும் சொல்.

—

> ‘முட்டு’ சரிதான் தம்பி. ஆனால் ‘முட்டுக்கட்டை’ என்றால் தடை என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?

அக்கா, அந்தத் தடையும் வண்டியிலிருந்து வந்ததுதான். சக்கரம் உருளாமல் வைப்பது முட்டுக்கட்டை. மேடையில் முன்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் கட்டைக்கு அப்பெயரையே வைத்துக்கொள்ளலாம். குழப்பம் வராமல் இருக்க, செருகுவதை ‘முட்டுத்தண்டு’ என்று திருத்திக்கொள்கிறேன். கார் பட்டறைகளில் உள்ளவற்றுக்கு ‘இருதூண் ஏந்தி’, ‘நாற்றூண் ஏந்தி’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வாயில் சரியாக வரவில்லை. ‘நான்குதூண் ஏந்தி’ என்றே இருக்கட்டுமா?