கான்டாக்ட் லென்ஸுக்குப் பதிலாக லாசிக் செய்துகொள்ளலாமா? கருவிழித் தடிமன் 508 மைக்ரான்

கேள்வி: மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருகிறேன். வலக்கண்ணில் மைனஸ் 5.5, இடக்கண்ணில் மைனஸ் 6. இரண்டு ஆண்டுகளாகப் பவர் மாறவில்லை. கல்லூரிக் காலம் முதல் ஒன்பது ஆண்டுகளாக மென்மையான கான்டாக்ட் லென்ஸ் அணிகிறேன். சென்ற ஓராண்டாக, காற்றும் சாலைப் புழுதியும் அலுவலகத்துக் குளிர்சாதனமும் சேர்ந்துகொண்டு, மதியத்திற்குள் கண் சிவந்து மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது.

கண்ணாடியும் லென்ஸும் இல்லாமல் பார்க்க உதவும் லாசிக் லேசர் சிகிச்சை பற்றி விசாரிக்கச் சென்ற வாரம் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கேயே லென்ஸைக் கழற்ற வைத்து, அரை மணி நேரத்தில் அளவெடுத்து, கருவிழித் (கண்ணின் முன்புறமுள்ள தெளிவான படலமான கார்னியா) தடிமன் வலது 512, இடது 508 மைக்ரான் என்றும், தாராளமாகச் செய்யலாம், இந்த மாதத்திற்குள் பணம் கட்டினால் சலுகை உண்டு என்றும் சொன்னார்கள். அந்த அவசரம்தான் எனக்கு அச்சத்தைத் தந்தது. லேசர் கண்ணைச் சுட்டுவிடும் என்று அப்பா மறுக்கிறார். திருமணத்திற்கு முன்பே செய்துவிடு என்று அம்மா வற்புறுத்துகிறார். இந்த உறுத்தலிலிருந்து லாசிக் எனக்கு விடுதலை தருமா, இந்த அளவு போதுமா என்பதை விவரமறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில்: லாஸ்பேட்டை ஆசிரியை

சகோதரிக்கு வணக்கம். மைனஸ் 4.5 இருந்த நான் ஆறு ஆண்டுகளுக்கு முன் லாசிக் செய்துகொண்டேன். வலி இல்லை. கண்ணை அழுத்திப் பிடிக்கும்போது சில நொடிகள் பார்வை மங்கியது, அவ்வளவுதான். கண்ணில் உப்பு நீர் பட்டால் லென்ஸ் என்னாகுமோ என்ற கவலையின்றி, மறு ஆண்டு மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடலில் நிம்மதியாக மூழ்கி எழுந்தேன்.

ஆனால் உங்கள் கேள்வி உறுத்தலைப் பற்றியது என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எனக்குக் கண் உலர்வு அதற்குமுன் இருந்ததே இல்லை. சிகிச்சைக்குப் பின் ஐந்து மாதங்கள் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே வகுப்புக்குச் சென்றேன். இரவில் எதிர்வரும் வண்டிகளின் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்ததும் சில மாதங்கள் நீடித்தது.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் கண் பரிசோதகர்

நான் ஆப்டோமெட்ரிஸ்டாகப் பணிபுரிகிறேன். முதலில், உங்களிடம் இருக்கும் அந்த எண்களை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். நாள்தோறும் அணியும் லென்ஸ் கருவிழியின் வடிவத்தைச் சற்றே மாற்றி வைத்திருக்கும். தடிமனும் மாறித் தெரியலாம். மென்மையான லென்ஸாக இருந்தால் இரண்டு வாரமும், கடினமான லென்ஸாக இருந்தால் மூன்று, நான்கு வாரமும் லென்ஸை அறவே நிறுத்திக் கண்ணாடி அணிந்த பிறகு எடுக்கும் அளவே நம்பத்தக்கது. லென்ஸைக் கழற்றிய அதே மணி நேரத்தில் அளவெடுத்துப் பணம் கட்டச் சொன்னது சரியான நடைமுறை அன்று.

508 என்பதே உண்மை அளவு என்று வைத்துக்கொண்டு கணக்கைப் பாருங்கள். லாசிக்கில் கருவிழியின் மேலே ஏறத்தாழ 110 மைக்ரான் தடிமனுள்ள ஒரு மெல்லிய அடுக்கைத் திறந்து, அதன் கீழே லேசர் செதுக்கும். 6.5 மில்லிமீட்டர் அகலத்திற்கு, ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் வீதம், மைனஸ் 6க்கு 84 மைக்ரான் குறையும். மீதி 314. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய எல்லை; இன்று பலர் 300 கேட்கிறார்கள். ஆகவே உங்களுக்கு இடம் இருக்கிறது, ஆனால் தாராளம் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. பின்னாளில் சிறிது பவர் திரும்பினால் மீண்டும் செதுக்க இடம் மிகக் குறைவு. தடிமனைவிட வடிவமே முக்கியம். கருவிழி கூம்பாகும் கெரட்டோகோனஸ் நோயின் சிறு அறிகுறி தென்பட்டாலும் லாசிக் கூடாது. கருவிழியின் வடிவத்தைக் காட்டும் வரைபட அறிக்கையைக் கையில் கேட்டு வாங்குங்கள். பிற்காலத்தில் கண்புரை அறுவைக்கு உள்லென்ஸ் கணக்கிடவும் அது உதவும்.

கண்ணீர் சுரக்கத் தூண்டும் நரம்புகள் கருவிழியில்தான் இருக்கின்றன. அந்த அடுக்கைத் திறக்கும்போது அவை அறுபட்டு, மீண்டும் வளர மாதங்கள் ஆகும். ஏற்கெனவே உலர்ந்த கண்ணில் இது உறுத்தலைக் கூட்டும். எனவே உலர்வுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் முதலில், லேசர் பிறகு. அடுக்கைத் திறக்காமல் மேல்தோலை மட்டும் நீக்கிச் செய்யும் பிஆர்கே முறை இருக்கிறது. சில நாள் வலியும் மெதுவான தெளிவும் அதன் விலை. சிறு துளை வழியே செய்யும் ஸ்மைல் முறையில் அறுபடும் நரம்புகள் குறைவு. கருவிழி இடம் தராவிட்டால் கண்ணுக்குள்ளேயே வைக்கும் ஐசிஎல் லென்ஸைப் பற்றிக் கேட்கலாம். எதுவானாலும் உங்கள் கிட்டப்பார்வைக்குக் கண்ணின் பாப்பாவைச் (கருவிழிக்குப் பின்னுள்ள கருந்துளை) சொட்டு மருந்தால் விரித்து விழித்திரையின் ஓரம் வரை பார்த்தே ஆக வேண்டும். அதற்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை உங்கள் வழியிலேயே இருக்கிறது.

அம்மாவிடமும் ஒன்று சொல்லுங்கள். கருவுற்றிருக்கும்போதும் பாலூட்டும்போதும் பவர் மாறக்கூடும் என்பதால் அக்காலத்தில் செய்வதில்லை. அவர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. இந்த மாதமே என்பதற்கு நியாயம் இல்லை.

பதில்: வில்லியனூர்க்காரர்

உங்கள் தந்தைக்காக எழுதுகிறேன். இந்த லேசர் சுடுவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் திசுவின் பிணைப்புகளை உடைத்து நீக்குகிறது. அருகிலுள்ள பகுதி கருகுவதில்லை. 1981 நவம்பரில் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில் இதைச் செய்து பார்த்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். நம் ஊரில் அவர் பெயர் போதிய அளவு தெரியாதது எனக்கு வருத்தமே.

எனக்கு வயது 46. லாசிக் செய்தும் இப்போது வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போட்டுத்தான் படிக்கிறேன். அதை லேசர் தடுக்காது. மேலும், 7.5க்குக் குறைந்த பவருக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. சொல்லும் கட்டணம் ஒரு கண்ணுக்கா, இரண்டுக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசகி

அனைவருக்கும் நன்றி. பதில்களை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறு பரிசோதனைக்கு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றே லென்ஸை விட்டுவிட்டேன். பத்தாம் நாள் அத்தை மகள் திருமணம் வருகிறது. அன்று ஒரு நாள் மட்டும் லென்ஸ் அணியலாமா?

திருப்பாதிரிப்புலியூர் கண் பரிசோதகர்

வேண்டாம் அம்மா. அன்று அணிந்தால் இரண்டு வாரக் கணக்கை மறுநாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும். கண்ணாடியுடனே திருமணத்திற்குப் போய் வாருங்கள்.