வீட்டில் உடுப்பே ஆகாதவனுக்கு, இருப்பதிலேயே குறைச்சலான உடை எது?

மூணாவதுமாடி (சென்னை) கேட்டது:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீட்டில் தனியாக இருந்தால் நான் துணி உடுத்துவதில்லை. கொள்கை, புரட்சி என்று ஒன்றும் கிடையாது. உடம்பில் எதுவும் படாமல் இருந்தால்தான் வேலை ஓடுகிறது, தூக்கம் வருகிறது. வீட்டிலிருந்தே வேலை. மீட்டிங்குக்கு மட்டும் மேலே ஒரு சட்டை.

அடுத்த மாதம் அக்காவும் அக்கா பெண்ணும் வருகிறார்கள். பெண்ணுக்கு இங்கே காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, ஒரு வருஷமாவது இருப்பார்கள். அக்கா வருவதில் சந்தோஷம்தான். ஆனால் காலையிலிருந்து ராத்திரி வரை எதையாவது மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைத்தாலே அரிக்கிறது. ஷார்ட்ஸ் எலாஸ்டிக் இடுப்பில் சிவப்பாகக் கோடு போடும், அந்தக் கோட்டிலேயே வேர்க்குரு வரும். பனியன் தையல் அக்குளில் உறுத்தும். கழுத்து லேபிளை வெட்டினால் மிச்சமிருக்கிற முனை குத்தும். கைலி வாங்கினேன். அட்டையைச் சுற்றிக்கொண்ட மாதிரி விறைப்பு. விடிந்து பார்த்தால் கைலி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

அக்கா முன்னால் கௌரவமாகவும் இருக்க வேண்டும், உடுத்தியிருக்கிறோம் என்றும் தெரியக்கூடாது. ஏசி போடச் சொல்லாதீர்கள், என் பிரச்சினை வெக்கை இல்லை.

தறிச்சத்தம் (ஈரோடு):

கைலி மேல குத்தம் இல்லைங்க. புதுக் கைலியில கஞ்சி இருக்கும், கடையில விறைப்பா நின்னாத்தான் விக்கும்னு போடறது. ஒரு ராத்திரி பச்சத்தண்ணியில ஊற வெச்சு, அப்புறம் ரெண்டு மூணு தடவை சோப்புப் போட்டு அலசுங்க. அதுக்கப்புறமும் விறைப்பா இருந்தா அது பாலியஸ்டர் கலப்பு. ஓரத்துல ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்க. பருத்தின்னா காகிதம் எரியற வாசம் வரும், சாம்பல் பொடியா உதிரும். கலப்புன்னா உருகி நுனியில உருண்டையா நிக்கும்.

கடையில நூல் நம்பர் கேளுங்க. நம்பர் கூடக்கூட நூல் சன்னம். 40 தினசரி உழைப்புக்கு. உங்களுக்கு 80 பாருங்க. அதுக்கும் மேல போனா ஜன்னல் வெளிச்சத்துல நின்னா எல்லாம் தெரியும். அதனாலதான் வெள்ளை வேட்டியைச் சொல்லாம கட்டம் போட்ட கைலியைச் சொல்றேன். வேட்டிதான் வேணும்னா நாலு முழம் எடுங்க. எட்டு முழத்தை ரெட்டையா மடிச்சுல்ல கட்டோணும், உங்களுக்கு அது ஆகாது.

மூட்டின கைலியா வாங்குங்க. மூட்டாததுதான் தூக்கத்துல பிரிஞ்சு ஆளைக் கைவிட்டுட்டுப் போகும். இன்னொரு வேலையும் பண்ணலாம், யாரும் சொல்ல மாட்டாங்க. டெய்லர்கிட்டக் குடுத்து கீழ ஒரு முழம் வெட்டி ஓரம் அடிச்சுக்கோங்க. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிக்கும், மடிச்சுக் கட்டற மூட்டை இடுப்புல சேராது, காத்து தாராளமா வரும். எங்க தறிப்பட்டறையில பாதிப் பேரு இப்படித்தான். வெல்க்ரோ வெச்ச வேட்டிப் பக்கம் போயிராதீங்க, லேபிளே குத்தற ஆளுக்கு அது தண்டனை.

உள்ளுக்கு ஜட்டி வேண்டாம், கோமணம் கட்டிக்கோங்க. சிரிக்காதீங்க. பழைய மல் துணியில ஒரு சாண் அகலத்துக்குக் கிழிச்சு, அரைஞாண் கயித்துல முன்னயும் பின்னயும் சொருகினா முடிஞ்சது. எலாஸ்டிக்கும் இல்லை, தையலும் இல்லை. எங்க அப்பாரு காட்டுல வெள்ளாமை பண்ணினதெல்லாம் அதோடதான், மேலுக்குத் தலையில ஒரு துண்டு.

மேல்சட்டையைப் பத்தி எதுக்குக் கவலை? கூடப்பொறந்த அக்கா முன்னால வெறும் மேலோட உக்காந்திருக்கறது நம்மூர்ல எந்தக் காலத்துல தப்பாச்சு? ஆராவது வந்தா தோள்ல ஒரு துண்டு.

கொல்லம்ரோடு (நாகர்கோவில்):

எல்லாம் ஆம்பிளைக்கே சொல்லி முடிச்சாச்சு. என்னைப் போல பொம்பிளைக்கும் இதே பிரச்சினை உண்டு, வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொள்கிறவள். ஆற்றில் குளிக்கப் போகும்போது அம்மா கட்டின கட்டுதான். நாடா இறுக்கி வடு விழும். அதனால் நாடாவை உருவிவிட்டு, அந்தத் துணியிலேயே நாலு விரல் அகலத்துக்குப் பட்டை தைத்து பக்கவாட்டில் முடிச்சுப் போடுகிறேன். துணிக்குக் கடைக்கே போக வேண்டாம். வருஷக்கணக்காக உடுத்தி அலசின சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை இருந்தால் அதற்கு மேலே மெதுவான துணி உலகத்தில் இல்லை. ஒரு சேலையில் ரெண்டு தாராளமாக வரும். பாப்ளின் வேண்டாம், நெசவு நெருக்கம், காற்றுப் போகாது.

ஆள் வந்தால் மேலே கையில்லாத நைட்டி, அதற்கும் மேலே துண்டு. காலிங் பெல் அடித்ததும் துண்டைத் தேடாத பொம்பிளை தமிழ்நாட்டில் இருக்கிறாளா என்ன!

தம்பி, தோளில் போட எங்கள் ஊர் ஈரிழைத் துவர்த்து வாங்குங்கள். டர்க்கி டவல் கனம், காயவும் காயாது. அதையே நாற்காலியிலும் விரித்துக்கொள்ளலாம், ரெக்சினில் தொடை ஒட்டாது.

வடமராட்சியான்:

நாங்கள் வீட்டிலை சாரம்தான் (நீங்கள் சொல்லுற கைலி), மேலுக்கு ஒண்டும் இல்லை. கனடாவுக்கு வந்தும் அது மாறேல்லை. ஒண்டு மட்டும் சொல்லுறன். கவட்டுக்கை ஈரம் நிண்டால் படர்தாமரை பிடிக்கும். குளிச்சிட்டு நல்லாத் துடைச்சுக் காயவிட்டுக் கட்டுங்கோ. பிடிச்சிட்டுதெண்டால் மருந்துக்கடையிலை தாற ஸ்டீராய்ட் கலந்த களிம்பைப் பூசாதேங்கோ, குறைஞ்ச மாதிரிக் காட்டிப்போட்டுப் பிறகு பெருசாப் பரவும். தோல் டொக்டரிட்டைப் போங்கோ.

மேலமாசிவீதி (மதுரை):

1921 செப்டம்பர் 22, காந்தி எங்க ஊர்ல வச்சுத்தான் சட்டையைக் கழட்டி அரைவேட்டிக்கு மாறுனாரு. அதே இடுப்புத் துணியோடதான் லண்டன்ல போயி ராஜாவையும் பாத்தாரு. நீங்க அக்காவைப் பாக்குறதுக்குக் கூச்சப்படுறீங்களேண்ணே.

மூணாவதுமாடி:

மதுரைக்காரரே, ராஜா வேறு, என் அக்கா வேறு.

எல்லாருக்கும் நன்றி. இருந்த கைலியில் இழையை உருவிக் கொளுத்தினேன், உருண்டையாகத்தான் நின்றது. இனி பருத்தியே. அக்காவிடம் போனில் விஷயத்தைப் பாதி சொல்லி வைத்தேன். "அப்பா இருந்த வரைக்கும் வீட்டுல சட்டை போட்டு நான் பார்த்ததே இல்ல, உனக்கு என்னடா வந்துச்சு"ன்னு கேட்டாள். என் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் கைலியும் தேவையில்லை என்பது நான் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி.

தறிச்சத்தம் அண்ணே, ஒரு சந்தேகம். வெட்டுகிற அந்த ஒரு முழத்தில் கரை போய்விடுமே?

தறிச்சத்தம் (ஈரோடு):

கீழக் கரையைத் தொடாதீங்க. மேல, இடுப்புப் பக்கமா வெட்டச் சொல்லுங்க. அங்கதான் சுருட்டிச் சொருகறீங்க, கரை இல்லைன்னு ஆருக்குத் தெரியும். வெட்டின துண்டைத் தூக்கிப் போட்றாதீங்க, கோமணத்துக்கு ஆச்சு.