செஷன் வைத்தும் ரெசிடென்ஷியல் பிராக்ஸியில் ஐபி பாதியில் மாறுகிறது, நகரமும் பொருந்தவில்லை: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். நாங்கள் நடத்தும் விற்பனைத் தளம் நாட்டுக்கு ஏற்ப மொழி, நாணயம், வரி மூன்றையும் மாற்றிக் காட்ட வேண்டும். அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க ரெசிடென்ஷியல் பிராக்ஸி (வீடுகளில் உள்ள கருவிகளின் ஐபி வழியாகக் கோரிக்கையை அனுப்பும் இடைச் சேவை) வழியாகச் சோதனை ஓட்டுகிறோம். கேட்வேயும் (அந்தச் சேவையின் நுழைவு முகவரி) போர்ட்டும் எப்போதும் ஒன்றுதான். நாடு, நகரம், செஷன் எல்லாம் பயனர்பெயருக்குள்ளேயே போகின்றன: கணக்கு-கன்ட்ரி-டிஇ-சிட்டி-மியூனிக்-செஷன்-அ17 (டிஇ என்றால் ஜெர்மனி).

கூடையில் பொருளைப் போட்டு, முகவரி கொடுத்து, பணம் கட்டும் பக்கத்துக்குப் போவதற்குள் ஐபி மாறிவிடுகிறது. சர்வர் உடனே லாகவுட் செய்துவிடுகிறது. இந்தப் பகுதி பிளேரைட்டில் (உலாவியைத் தானாக இயக்கும் சோதனைக் கருவி) ஓடுகிறது. இன்னொரு பக்கம், செஷன் பெயரே இல்லாமல் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியில் ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது ஐபி வர வேண்டும். ஆனால் ஒரே ஐபி ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மியூனிக் கேட்டால் பல சமயம் ஃபிராங்க்ஃபர்ட் என்கிறது. போதாக்குறைக்கு, ஜெர்மன் ஐபியில் இருந்து போனாலும் சில முறை பிரெஞ்சுப் பக்கம் வருகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில் 1:
நாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியேறும் ஐபி எது என்பது ஒரு கேள்வி. அந்த ஐபி எந்த ஊர் என்று யார் சொல்கிறார்கள் என்பது வேறு கேள்வி. உங்கள் தளம் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது மூன்றாவது.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஐபியை எங்கே பார்க்கிறீர்கள்? தனி டேபிலோ தனி ஸ்கிரிப்ட்டிலோ பார்த்தால் அது வேறு கனெக்‌ஷன், அதை நம்ப முடியாது. உங்கள் சர்வர் லாகில் விழும் ஐபிதான் சாட்சி. அப்புறம், சோதனையின் நடுவே எங்காவது காத்திருப்பு இருக்கிறதா?

கேட்டவர்:
சர்வர் லாகில்தான் பார்க்கிறோம். காத்திருப்பு உண்டு. மின்னஞ்சலில் வரும் குறியீட்டுக்காகச் சில நிமிடம் நிற்கும்.

பதில் 2:
அந்தக் காத்திருப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

செஷன் என்பது ஐபியைக் குத்தகைக்கு எடுப்பது அல்ல. அது வெறும் பெயர். ‘அ17 என்றால் இந்தக் கருவி’ என்று கேட்வே ஒரு அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தக் கருவி யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. அவர் அதை அணைத்தாலோ வைஃபையை விட்டு வெளியே போனாலோ அந்த வழி மூடிக்கொள்ளும். பெரும்பாலான சேவைகள் சத்தமில்லாமல் வேறு கருவியை அதே பெயருக்கு மாட்டிவிடும். கால வரம்பும் உண்டு. சில சேவைகள் முதல் கோரிக்கையில் இருந்து எண்ணும், சில கடைசிக் கோரிக்கையில் இருந்து எண்ணும். இரண்டாவது வகை என்றால், காத்திருக்கும்போது அதே செஷன் வழியாக அவ்வப்போது ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பினால் போதும். முதல் வகை என்றால் அதனால் பயன் இல்லை, வரம்பை நீட்டத்தான் வேண்டும். உங்கள் சேவையின் ஆவணத்தில் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

கருவி போய்விட்டால் மாற்று ஐபி தராமல் பிழையைத் திருப்பும்படி கேட்கும் வசதி சில சேவைகளில் இருக்கிறது. இருந்தால் கட்டாயம் போடுங்கள். பாதி ஓட்டத்தில் ஐபி மாறி, அது தெரியாமல் சோதனை ‘பாஸ்’ ஆவதைவிடப் பிழை வந்து நிற்பது எவ்வளவோ மேல். பிழை வந்தால் புது செஷன் பெயர், புது குக்கீ, முதலில் இருந்து ஓட்டம். பாதியில் ஒட்டுப்போட வேண்டாம்.

இன்னொன்று. நாடு, நகரம், அதற்கு மேல் இணையச் சேவையாளர் என்று வடிகட்டியை இறுக்க இறுக்க, மிஞ்சும் கருவிகள் குறையும். ஒன்று போனால் அதே ஊரில் அடுத்தது கிடைப்பதும் கடினம். வரிக்கும் நாணயத்துக்கும் நாடு போதும் என்றால் நகரத்தை எடுத்துவிடுங்கள்.

பதில் 3:
மாற வேண்டிய இடத்தில் மாறாததற்கு நான் சொல்கிறேன். எச்டிடிபிஎஸ் தளத்துக்குப் போகும்போது ரிக்வெஸ்ட்ஸ் முதலில் கனெக்ட் கட்டளையை அனுப்பி ஒரு சுரங்கம் திறக்கும். உள்ளே ஓடுவது உங்களுக்கும் தளத்துக்கும் இடையிலான மறைகுறியாக்கம். அதன் நடுவில் பிராக்ஸி வெளியேறும் கருவியை மாற்ற முடியாது. ரிக்வெஸ்ட்ஸின் செஷன் ஆப்ஜெக்ட் (பிராக்ஸி செஷன் வேறு, இது வேறு) அந்தச் சுரங்கத்தை மூடாமல் வைத்து அடுத்த கோரிக்கைக்கும் பயன்படுத்தும். சுரங்கம் திறந்திருக்கும் வரை அதே ஐபிதான். கனெக்‌ஷனை மூடிவிட்டு அடுத்த கோரிக்கையை அனுப்புங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் புது செஷன் பெயர் கொடுங்கள். பயனர்பெயர் மாறினால் லைப்ரரி தனி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

அதே ஆப்ஜெக்ட்டில் பிராக்ஸியை ஒருமுறை மட்டும் வைத்துவிட்டு விட்டால், கணினியின் என்விரான்மென்ட் மாறியில் இருக்கும் பிராக்ஸி அதை மீறிவிடும். கோரிக்கைதோறும் கொடுங்கள். கடவுச்சொல்லில் @ இருந்தால் முகவரிக்குள் அதை %40 என்று எழுதுங்கள். இல்லையென்றால் 407 (பிராக்ஸி உங்கள் அடையாளத்தை ஏற்கவில்லை என்ற பிழை) வரக்கூடும்.

பதில் 1:
நகரத்துக்கு வருகிறேன். ஐபிக்குள் ஊர்ப்பெயர் எழுதியிருக்காது. மேக்ஸ்மைண்ட், ஐபி2லொகேஷன் போன்ற தரவுத்தளங்கள் ஆளுக்கொரு கணிப்பு வைத்திருக்கின்றன. நாட்டு அளவில் பெரும்பாலும் ஒத்துப்போகும், நகரத்தில் பிரிந்துவிடும். மொபைல் நெட்வொர்க் என்றால் பலர் ஒரே பொது ஐபியின் பின்னால் இருப்பார்கள். அந்த ஐபி நெட்வொர்க்கின் மையம் இருக்கும் ஊரையே காட்டக்கூடும். பிராக்ஸி சேவை ஒரு தரவுத்தளத்தைப் பார்த்து ‘மியூனிக்’ என்கிறது, நீங்கள் இன்னொன்றைப் பார்த்து ‘ஃபிராங்க்ஃபர்ட்’ என்கிறீர்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. உங்கள் தளம் எதைப் பயன்படுத்துகிறதோ அதன் பதிலை மட்டும் லாகில் எழுதுங்கள், சோதனையும் அதையே எதிர்பார்க்கட்டும்.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு: பிளேரைட்டில் லொகேல் (உலாவியின் மொழி அமைப்பு), டைம்சோன் இரண்டையும் ஜெர்மனிக்கு மாற்றியிருக்கிறீர்களா? அதைப் பார்த்த பிறகும் வந்தால், அந்தப் பக்கத்தோடு வந்த ஹெட்டர்களை (பக்கத்தைப் பற்றிய விவரக் குறிப்புகள்) எடுத்துப் போடுங்கள். ஏஜ் (பக்கத்தின் நகல் எத்தனை நொடி பழையது என்று சொல்வது) என்று ஒன்று இருக்கிறதா?

கேட்டவர்:
லொகேல் சரியாகத்தான் இருந்தது. பிரெஞ்சுப் பக்கம் வந்த கோரிக்கையில் ஏஜ் 212. சரியான ஜெர்மன் பக்கம் வந்த ஒன்றில் ஏஜ் இல்லவே இல்லை.

பதில் 1:
அப்படியானால் இதில் பிராக்ஸிக்குப் பங்கே இல்லை. 212 நொடிக்கு முன் பிரான்ஸில் இருந்து வந்த யாருக்கோ தயாரித்த பக்கத்தை உங்கள் சிடிஎன் (பக்கங்களின் நகலைச் சேமித்து வைத்து அனுப்பும் இடைச் சர்வர்கள்) எடுத்துவைத்து, ஜெர்மனிக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. கேஷ் சாவியில் (எந்த நகலை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அடையாளம்) முகவரி மட்டும்தான் இருக்கிறது, நாடு இல்லை. உண்மையான வாடிக்கையாளர்களுக்கும் இதே நடக்கும், இன்றைக்கே சரிசெய்யுங்கள். நாட்டுக் குறியீட்டை மட்டும் சாவியில் சேருங்கள். நகரத்தைச் சேர்த்தால் கேஷ் துண்டுதுண்டாகிப் பயனற்றுப் போகும்.

பதில் 4:
ஒரு வேண்டுகோள். இந்த ஐபிகள் யாருடைய கருவிகள், அவர்கள் சம்மதித்தார்களா என்று உங்கள் சேவையிடம் எழுத்தில் கேளுங்கள். மே 2024-இல் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற பிராக்ஸி வலையில் 1 கோடியே 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிகள் இருந்தன. இலவச விபிஎன் செயலிகளை நிறுவியவர்களின் கணினிகள், அவர்களுக்கே தெரியாமல். உங்கள் சோதனை நேர்மையானது. அது போகும் வழியும் அப்படி இருக்கட்டும்.

கேட்டவர்:
கேட்டு எழுதியிருக்கிறோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம். கேஷ் சாவியில் நாட்டைச் சேர்த்தபின் பிரெஞ்சுப் பக்கம் வரவில்லை. ஸ்கிரிப்ட்டில் கனெக்‌ஷனை மூடியதும் ஐபி மாறுகிறது. எங்கள் சேவையில் செஷன் கடைசிக் கோரிக்கையில் இருந்துதான் எண்ணப்படுகிறது, ஆகவே காத்திருக்கும்போது சிறு கோரிக்கை அனுப்புகிறோம். நகரத்தை எடுத்துவிட்டோம். இன்னும் எப்போதாவது ஐபி மாறுகிறது. அப்போது ஓட்டம் பிழையோடு நின்று, புது செஷன் பெயரில் முதலில் இருந்து தொடங்குகிறது. எல்லோருக்கும் மிக்க நன்றி.