பாயிண்ட் 22 பிஸ்டலில் காலிக் கூடு சிக்கிக்கொள்கிறது: சுத்தம் செய்வதில் எங்கே தவறுகிறேன்?

கேள்வி (சென்னை)

வணக்கம். 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல் பிரிவில் பயிற்சி செய்கிறேன். என்னுடையது உரிமம் பெற்ற பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) செமி ஆட்டோமேட்டிக், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை. மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் வைக்காத துப்பாக்கி, ஒரு மாதமாகப் படுத்துகிறது. நிதானச் சுற்றின் 30 தோட்டாக்களும் ஒழுங்காகப் போகின்றன. விரைவுச் சுற்றுக்கு வந்ததும் காலிக் கூடு (சுட்ட தோட்டாவின் வெற்று உறை) வெளியே தெறிக்காமல், ஸ்லைடுக்கும் (பிஸ்டலின் மேலே முன்பின் ஓடும் பகுதி) குழலுக்கும் நடுவே செங்குத்தாக நின்றுவிடுகிறது. மேகசினை (தோட்டா அடுக்கும் உறையை) மாற்றிப் பார்த்தேன், வேறு பெட்டித் தோட்டாவும் போட்டுப் பார்த்தேன். பயனில்லை.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வீட்டில் சுத்தம் செய்கிறேன். குழலுக்குள் பிரஷ் விட்டுத் துடைத்து, ஸ்லைடு முழுவதும் எண்ணெய் பூசுகிறேன். துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துவிட்டதால் இரண்டு மாதங்களாகத் தேங்காய் எண்ணெய்தான். மழைக்காலத்தில் துருப்பிடிக்குமே என்ற பயத்தில் தாராளமாகவே பூசினேன். அடுத்த மாதம் போட்டி. 2021-இல் டோக்கியோவில் மனு பாக்கரின் காற்றுத் துப்பாக்கி தகுதிச் சுற்றின் நடுவே பழுதாகி நேரம் பறிபோனதைப் பார்த்ததிலிருந்து, கருவி கோளாறு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உதவுங்கள்.

பதில் (கோவை)

சகோதரி, ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகவில்லை என்று நினைக்கிறேன். ரீகாயில் ஸ்பிரிங் (ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் சுருள்) இறுக்கமாக இருக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிச் சரிசெய்தார்.

பதில் (ஓய்வு பெற்ற ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்), திருச்சி)

ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள் அம்மா. தம்பி சொன்ன காரணத்தில் பாதி சரி, மருந்துதான் தவறு. ஸ்பிரிங் தளர்ந்தால் ஸ்லைடு வேகமாகப் பின்னால் போய் மோதும். நாளடைவில் சட்டமே விரிசல் விடும்.

உங்கள் பிஸ்டலில் ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கும் அமைப்பு எதுவும் கிடையாது. சுடும்போது காலிக் கூடு பின்னோக்கித் தள்ளும் விசைதான் ஸ்லைடை நகர்த்துகிறது. போட்டித் தோட்டாவின் குண்டு 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். வேகமும் ஒலியின் வேகத்துக்குள்தான். அவ்வளவு சிறிய விசையில் ஓடும் ஸ்லைடுக்குப் பிசுபிசுப்பான எண்ணெய் பெரிய தடை. தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்குப் பிடித்துக் கெட்டியாகிவிடும். அதோடு இந்த வகைத் தோட்டாவின் மெழுகும், எரியாத வெடிமருந்துத் துகளும், புகைக்கரியும் கலந்து கறுப்புக் களிம்பாகிவிடும். முதல் 30 தோட்டா வரை தாக்குப்பிடித்துப் பிறகு திணறுவது அந்தக் களிம்பின் வேலை என்றே தோன்றுகிறது.

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். பிறகு இன்னொரு முறை பாருங்கள். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கையேடு காட்டும் அளவுக்கு மட்டும் பிரியுங்கள். டிரிகர் பகுதியைத் தொட வேண்டாம். அதற்கு உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் இருக்கிறார்.

துப்பாக்கிக்கான கரைப்பானால் பழைய எண்ணெயை முழுவதும் எடுத்துவிடுங்கள். முக்கியமான இடம், காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடிப்பகுதி. மரப் பல்குச்சியால் சுரண்டினால் எவ்வளவு கரி வருகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். சேம்பரின் வாயிலும் ஒரு கரி வளையம் படியும். வெண்கலப் பிரஷ்ஷைப் பின்பக்கத்திலிருந்து விட்டு எடுங்கள். முன்பக்கத்திலிருந்து கம்பியை விட்டால் குழல் முனை தேயும், குறி தவறும். குழலின் உட்புறத்தை ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டாம். கரைப்பானில் நனைத்த துணி இரண்டு, உலர்துணி இரண்டு போதும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக்கொள்ளலாம், நூல் உதிராது.

இனி எண்ணெய். ஸ்லைடு ஓடும் தடங்களில் பக்கத்துக்கு ஒரு துளி. வெளிப்பரப்பில் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு. மேகசினுக்குள் ஒரு சொட்டும் கூடாது. அது தூசியை இழுக்கும், தோட்டாவுக்குள்ளும் இறங்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துத்தான் இதுவரை செய்துகொண்டிருந்தேன். அது சரியா? சுத்தம் செய்ததும் டிரை ஃபயர் (தோட்டா இல்லாமல் டிரிகரை இழுப்பது) செய்து பார்க்கலாமா?

பதில் (ஆர்மரர்)

மேசையை உடனே மாற்றுங்கள். அந்தக் கரியில் காரீயம் இருக்கிறது. குண்டிலிருந்தும் வரும், தோட்டா அடியிலுள்ள பற்றவைக்கும் மருந்திலிருந்தும் வரும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இது விளையாட்டில்லை. கையுறை போடுங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள், முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுங்கள். துடைத்த துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

டிரை ஃபயருக்குக் கையேட்டைப் பாருங்கள். பாயிண்ட் 22-இல் ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்கிறது. உள்ளே எதுவும் இல்லாவிட்டால் சில பிஸ்டல்களில் அது சேம்பர் விளிம்பையே கொத்தும். கையேடு அனுமதிக்காவிட்டால் போலித் தோட்டா போட்டுச் செய்யுங்கள்.

பதில் (சென்னை, மற்றொருவர்)

அக்கா, மழைக்காலத்துக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் உலோகத்தில் ஈரம் பனிக்கும். அந்த ஈரத்தோடு ஸ்பாஞ்சு பெட்டியில் மூடியதால்தான் என் குழலில் துருப்புள்ளி விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, பூட்டிய இரும்பு லாக்கரில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். தோல் உறை வேண்டாம், அது ஈரத்தை விடாது.

கேட்டவர் (எட்டு நாள் கழித்து)

கொக்கியின் அடியிலிருந்து வந்ததைப் பார்த்து அதிர்ந்துபோனேன், தார் மாதிரி இருந்தது. மூன்று துணிகள் கறுத்த பிறகுதான் நான்காவது வெள்ளையாக வந்தது. நேற்றும் இன்றும் 60, 60 என்று 120 தோட்டாக்கள் சுட்டேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. கூடுகள் வலப்பக்கம் ஒரே இடத்தில் போய் விழுகின்றன. ஐயா, ஸ்பிரிங்கை எத்தனை ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை மாற்றுவது?

பதில் (ஆர்மரர்)

நல்லது அம்மா. மாதிரிக்கு மாதிரி அது மாறும், உங்கள் கையேட்டில் எண்ணிக்கை இருக்கும். இன்றிலிருந்து சுட்ட கணக்கை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். புது ஸ்பிரிங்கைப் போட்டி முடிந்த பிறகு போடுங்கள், முன்பு வேண்டாம்.