புதுப்பிப்பு: குடியாத்தம் டிரான்ஸ்பார்மர் ஃபியூஸ்

எங்கள் கிணற்று மோட்டார்களுக்கான 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 11 கேவி (உயர் அழுத்த) பக்க எச்.ஜி. ஃபியூஸ் (கொம்பு போன்ற முனைகளுக்கு நடுவே கம்பி கட்டும் ஃபியூஸ்) அடிக்கடி போகிறது, தடித்த கம்பி கட்டச் சொல்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. தொய்ந்த எல்டி (மோட்டார்களுக்கு வரும் தாழ்வழுத்த) கம்பிகள் காற்றில் உரசியிருக்கின்றன. எல்டி ஃபியூஸில் யாரோ தடிமனாகக் கம்பி சுற்றியிருந்ததால் அது உருகாமல், மேலே உள்ள எச்.ஜி. ஃபியூஸ் போயிருக்கிறது. லைன்மேன் அண்ணன் இரண்டையும் சரிசெய்துவிட்டார், அவருக்கு நன்றி.

தடித்த கம்பி மட்டும் வேண்டவே வேண்டாம். முழு லோடிலும் 11 கேவி பக்கம் ஓடுவது சுமார் 5.25 ஆம்பியர்தான். ஆன் செய்யும்போது சில நொடிப்பின்னங்கள் பத்து மடங்கு பாய்ந்தாலும் சரியான அளவு ஃபியூஸ் தாங்கிக்கொள்ளும்; கோளாறு நீடித்தால் உருகும். தடித்தது உருகாது, டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (coil) வெந்துவிடும். நடவு நேரத்தில் அது போனால் பயிரை யார் காப்பாற்றுவது?