பாலா தேவி ஸ்காட்லாந்து போனது வெற்றியா தோல்வியா? வீட்டுல ஒரே சண்டை

கடலூர்_காத்து (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அக்கா பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா, ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னாடி நின்னு கோல் அடிக்கிற ஆளு. ஸ்காட்லாந்து ரேஞ்சர்ஸ் கிளப்புக்குப் போயி ஆடின நம்ம இந்தியா ஸ்ட்ரைக்கர் பாலா தேவின்னா அவளுக்கு உயிரு. நேத்து சாப்பிடும்போது மாமா சொல்லிட்டாரு, "இந்தியாவுலயே பெரிய ஸ்ட்ரைக்கர்ங்கிற, ரேஞ்சர்ஸ்ல சேர்ந்து ஒன்னரை வருஷத்துல அந்தப் பொண்ணு அப்படி என்ன கோல் அடிச்சு குவிச்சிடுச்சு, திரும்பி வந்துடுச்சுல்ல, அதுக்கே அந்த கதின்னா உனக்கு என்ன இருக்கு, ஒழுங்கா படி"ன்னு. புள்ள தட்ட வச்சிட்டு எழுந்து போயிட்டா. எனக்கு மனசே கேக்கல, ஆனா மாமாவுக்கு பதில் சொல்ற அளவுக்கு விஷயமும் தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க. இன்னொன்னு, அவளை விங்ல, அதாவது மைதானத்து ஓரத்துல, ஆடச் சொல்லி கோச் கட்டாயப்படுத்துறாராம், அதுக்கும் அழறா.

பாக்ஸ்குள்ள_பத்து

மாமா கணக்க தப்பான எடத்துல ஆரம்பிக்கிறாருங்க. பாலா தேவி 1990ல பொறந்தவங்க, மணிப்பூர் பிஷ்ணுபூர் மாவட்டம். 15 வயசுல 2005லயே இந்தியா டீமுக்கு வந்துட்டாங்க. ரேஞ்சர்ஸ் காண்ட்ராக்ட் எப்போ? 2020 ஜனவரி. அப்போ அவங்களுக்கு 30 ஆகப்போகுது! ஐரோப்பாவுல ஒரு ஸ்ட்ரைக்கர் 18, 19ல போயி கத்துக்கிற குளிரு, வேகம், டிஃபெண்டர் மேல வந்து இடிக்கிறது எல்லாத்தையும் இவங்க 30ல போயி கத்துக்கணும். நடுவுல இந்திய பெண்கள் டீமே ஒன்னரை வருஷத்துக்கு மேல ஒரு இன்டர்நேஷனல் மேட்ச் கூட ஆடாம இருந்து 2009ல ஃபிஃபா ரேங்கிங்ல இருந்தே பேரை எடுத்துட்டாங்க, அப்போ இவங்களுக்கு 19 வயசு. ஒரு ஸ்ட்ரைக்கர் வளர்ற வயசே அதுதானே, அதை யாரு திருப்பித் தருவா?

அப்புறம் லீக். 2018-19 இந்தியன் விமன்ஸ் லீக்ல மணிப்பூர் போலீஸுக்காக 26 கோல், டாப் ஸ்கோரர். லூதியானாவுல நடந்த ஃபைனல்ல நம்ம மதுரை சேது எஃப்சிகிட்ட 3-1ல தோத்தாங்க. மாமாகிட்ட இதக் கேளுங்க, அந்த 26 கோல் எத்தனை மேட்ச்லன்னு. ஏழே ஏழு! ஃபைனல் வரைக்கும் வந்த டீமுக்கே மொத்த சீசனும் அவ்வளவுதான். வருஷத்துக்கு ஏழு தேசிய லீக் மேட்ச் ஆடிட்டிருந்தவங்க, வாராவாரம் லீக் ஆடுற ஊருக்கு போறாங்க. போன ரெண்டாவது மாசமே கொரோனா வந்து எல்லாத்தையும் மூடிட்டாங்க. ஊரு விட்டு ஊரு, கதவு சாத்திக்கிட்டு ரூம்ல தனியா. அதையும் தாண்டி 2020 டிசம்பர்ல மதர்வெல் டீமுக்கு எதிரான மேட்ச்ல மாத்து ஆளா இறங்கி கோல் போட்டாங்க பாருங்க, ரேஞ்சர்ஸ் 9-0ன்னு ஜெயிச்ச மேட்ச்தான், ஆனா நான் அன்னிக்கு அந்த வீடியோவ எத்தனை தடவை பார்த்தேன்னு கணக்கே இல்ல.

முட்டி_பிசியோ

மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க, ஏசிஎல். முட்டிக்குள்ள இருக்கிற அந்த தசைநார் அறுந்தா ஆபரேஷன், அப்புறம் ஒன்பது மாசம் ஒரு வருஷம்னு போயிடும், பெண்களுக்கு ஆண்களை விட இது அதிகமா வருது. பாலாவுக்கும் அந்த காயம் வந்துச்சு. 31, 32 வயசுல ஏசிஎல் வந்தா நிறைய பேர் அதோட ஆட்டத்தையே விட்டுடுவாங்க. இவங்க திரும்பி வந்து 2024 சாஃப் (தெற்காசிய) போட்டில பாகிஸ்தானுக்கு எதிரா இந்தியாவுக்கு தன்னோட 50வது கோல அடிச்சாங்க, எந்த இந்தியப் பெண்ணும் அதுக்கு முன்னாடி தொடாத நம்பர். இதப்போயி தோல்வின்னு எப்படி சொல்ல முடியும்னு எனக்குப் புரியல. உங்க பொண்ணுகிட்ட இப்போவே குதிச்சு இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்காம இறங்கப் பழகச் சொல்லுங்க, தொடைப் பின்பக்க தசைக்கு எக்சர்சைஸ் தினமும்.

பழைய_ஜெர்சி

நான் காலேஜ் வரைக்கும் ஆடினவ. விங் விஷயம் சொல்றேன். 2021-22ல இருந்து 2024-25 வரைக்கும் நம்ம லீக்ல டாப் ஸ்கோரர் யாருன்னு பாருங்க, கானாவோட எல்ஷடாய், நேபாளத்து சபித்ரா, உகாண்டாவோட ஃபஸீலான்னு எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க. கிளப் காசு குடுத்து கூட்டிட்டு வர்றதே ஒம்பதாம் நம்பருக்குத்தான், அதாவது நடு ஸ்ட்ரைக்கர் எடத்துக்கு, அதனால நம்ம பொண்ணுங்க விங்குக்கு போயிடுறாங்க. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. ஆனா கோச் சொல்றதும் முழுக்க தப்பில்ல. மனிஷா கல்யாண் விங்ல ஓடினவதான், 2021ல பிரேசிலுக்கு எதிரா கோல் போட்டா, அடுத்த வருஷம் சைப்ரஸ் நாட்டு அப்பல்லான் கிளப்புக்குப் போயி ஐரோப்பா கிளப்புங்க மோதுற சாம்பியன்ஸ் லீக்ல ஆடின முதல் இந்தியப் பொண்ணு ஆனா. 20 வயசுல! பாலாவுக்கு 29ல திறந்த கதவு அது, பாலா திறந்துட்டுப் போனதால மனிஷாவுக்கு ஒம்பது வருஷம் முன்னாடியே திறந்துச்சு.

மாமாவோட பயம் சாப்பாட்டுப் பயம்னா அதுக்கும் பதில் இருக்கு, பாலாவே மணிப்பூர் போலீஸ்ல வேலைல இருந்தவங்க. உங்க கடலூர்க்காரங்க இந்துமதி கதிரேசன், இந்தியா டீமுக்கு ஆடின மிட்ஃபீல்டர் (நடுவுல ஆடுறவங்க), தமிழ்நாடு போலீஸ்ல எஸ்ஐ. மாமாவுக்கு அந்தப் பேரு தெரியாம இருக்காது.

கடலூர்_காத்து

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஏழு மேட்ச் கணக்க மாமாகிட்ட சொன்னேன், "ஏழுல 26ஆ?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு, அப்புறம் ஒண்ணும் பேசல. இந்துமதி பேரச் சொன்னதும் அக்காதான் முதல்ல திரும்பிப் பார்த்தாங்க. புள்ள இன்னும் விங்குக்கு சம்மதிக்கல.

பழைய_ஜெர்சி

எந்தக் கால் பொண்ணு?

கடலூர்_காத்து

இடது காலுங்க.

பழைய_ஜெர்சி

அப்போ வலது விங்ல விடச் சொல்லி கோச்ச கேளுங்க. உள்ள வெட்டி வந்தா நேரா கோல் பக்கம்தான் வருவா, அவ ஆசைப்படற எடம் அதுதானே.