ஏசி ரூம்ல காலையில காற்று கனத்துப் போகுது: எக்ஸாஸ்ட் போதுமா, ஈஆர்வி வேணுமா?

கேள்வி:
சென்னை, இரண்டாவது மாடி. பெட்ரூம் 10க்கு 12, உயரம் 10 அடி. இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி, இரண்டு பேர் படுக்கிறோம். ராத்திரி கதவைச் சாத்தினா விடியற்காலை கார்பன் டை ஆக்சைடு மீட்டர் 2,500 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றுல இத்தனை பங்கு) காட்டுது. ஜன்னலைத் திறந்தா கொசு, கரண்ட் பில். அட்டாச்டு பாத்ரூம்ல 6 இஞ்ச் எக்ஸாஸ்ட் இருக்கு. அதையே ஓட்டலாமா, இல்ல ஈஆர்வி (வெளியே போற காற்றை வச்சு உள்ளே வர்ற புதுக் காற்றோட சூட்டைக் குறைக்கிற கருவி) போடணுமா?

பதில் 1:
ஓட்டலாம். ஸ்பிளிட் ஏசி இருக்கிற காற்றைத்தான் சுத்த விடும், வெளிக்காற்று துளியும் வராது. தூங்கும் இரண்டு பேர் மணிக்கு சுமார் 28 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவாங்க. மணிக்கு 40 கன மீட்டர் புதுக் காற்று வந்தா அளவு 1,100 பக்கம் நின்னுடும்.

6 இஞ்ச் ஃபேன் பெட்டியில மணிக்கு 250 கன மீட்டர்னு போட்டிருந்தாலும் அவ்வளவு இழுக்காது. அறைக்கதவு அடியில 10 மி.மீ. இடுக்குதான்னா பாதிகூட வராது. கதவை அடியில சீவி 20 மி.மீ. ஆக்குங்க, பாத்ரூம் கதவை ஒருக்களிச்சு வையுங்க, ஹால் ஜன்னல்ல கொசுவலை போட்டு இரண்டு விரல் அளவு திறந்து வையுங்க. சைக்ளிக் டைமர்ல (தானா விட்டுவிட்டு ஓட்டுற டைமர்) மணிக்கு 15 நிமிஷம் ஃபேன் ஓடட்டும். மீட்டர் 1,200 தாண்டினா 5 நிமிஷம் கூட்டுங்க.

முதல்ல மீட்டரைத் திறந்த பால்கனியில வையுங்க, 420–450 காட்டணும். என்டிஐஆர் சென்சார் (அகச்சிவப்பு ஒளியால அளக்கிறது) இல்லாத மலிவு மீட்டர் மத்த வாயுக்களை வச்சு உத்தேசமா ஒரு எண் போடும், நம்பாதீங்க.

பதில் 2:
பாத்ரூம்ல கேஸ் கீசர் இருந்தா இந்த வேலையே வேண்டாம். எக்ஸாஸ்ட் இழுக்கிற இழுப்புல கீசர் புகை அறைக்குள்ளயே திரும்பும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்துலயே உயிர் போயிடும்.

சாக்கடை நாத்தம் வந்தா தரை நஹானி ட்ராப்ல (நாத்தத்தைத் தடுக்கத் தண்ணி நிக்கிற வடிகால் கிண்ணம்) தண்ணி வத்தியிருக்கும். ஒரு மக் ஊத்துங்க.

பதில் 3:
கரண்ட் பத்தி: 30 டிகிரி, 80% ஈரப்பதத்துல 40 கன மீட்டர் காற்று வந்தா மணிக்கு அரை லிட்டருக்குச் சற்று குறைவா தண்ணியை ஏசி பிழிஞ்செடுக்கணும். கூடுதல் செலவு சுமார் 100 வாட், எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குள்ள. ஒரே அறைக்கு ஈஆர்வி போட்டா அந்தக் காசு திரும்ப ரொம்ப வருஷமாகும். முழு வீட்டுக்குப் போடுறதா இருந்தா ஈரத்தையும் தடுக்கிற என்தால்பி மெம்பிரேன் கோர் (இரண்டு காற்றும் கலக்காம கடந்து போற உள்பாகம்) கேளுங்க. அலுமினியக் கோர் சூட்டை மட்டும்தான் குறைக்கும், சென்னையில ஏசிக்குப் பெரிய சுமையே ஈரம்தான்.

கேட்டவர்:
எலெக்ட்ரிக் கீசர்தான். ஹால் வழியா காற்று வந்தா சமையல் வாடை வராதா?

பதில் 1:
வரும். அடுப்பை அணைச்ச பிறகும் சிம்னி 15 நிமிஷம் ஓடட்டும், அப்புறம் டைமர் தொடங்கட்டும். ஹால்ல கொசுவர்த்திச் சுருள் வேண்டவே வேண்டாம், அந்தப் புகை முழுக்க பெட்ரூமுக்குத்தான் வரும்.